ஹில்டா மறுபடி கத்திய நாள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் மனைவி ஹில்டா பதினெட்டு வருடமாகக் கர்லிங் அணித்தலைவி. ஒருத்தி பனித்தரையில் இலக்கு வட்டத்தை நோக்கிக் கல்லை வழுக்கிவிடுவாள். இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள்; தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். எதிர்முனையில் நின்று ஹில்டா “தேய்” என்று கத்துவாள். சில நாள் துடைப்பமே தேவைப்படாது. கல் பயந்து தானாகவே போகும்.

பெரிய தலையுள்ள பிள்ளைகள் மூன்று பேரைப் பெற்றவள். தலைகள் என் வழியில் வந்தவை. அறுபத்தாறு வயதில் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இடத்தைவிட்டுக் கீழே இறங்கின. கத்தும்போதெல்லாம் உடை நனைந்தது. கத்துவதை விட்டுவிட்டு அவள் கையை ஆட்டினாள். குனிந்து தேய்க்கிறவர்கள் கையை எங்கே பார்ப்பார்கள்? அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோல்வி.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரத்துக்குப் பத்து பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மீன் தராசில் வீட்டையே நிறுத்தேன். பூனை பதினோரு பவுண்டு. இளைக்கும்வரை அதைத் தூக்க விடவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். அவர் பனியே விழாத ஊர்க்காரர்; கர்லிங் என்றால் என்னவென்று ஹில்டா விளக்கினாள்.

“கல்லு எவ்வளவு எடை?”

“நாப்பத்திரெண்டு பவுண்டு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அத யாரு தூக்குறா டாக்டரம்மா, வழுக்கித்தான் விடுவோம். நான் கேக்குறது வேற. கத்தலாமா?”

“எவ்வளவு சத்தமா?”

“அடுத்த ஊர் வரைக்கும்” என்றேன் நான். டாக்டர் சிரித்தார். அடுத்த ஊர் பதினோரு மைல் என்று அவருக்குத் தெரியாது.

“தாராளமா கத்துங்க. நல்லா ஆறிடுச்சு.”

ஹில்டா நம்பவில்லை. ஆட்டத்தன்று வெளிர்சாம்பல் கால்சட்டை போட்டாள்.

“கறுப்பு போடேன்.”

“கறுப்புல தெரியாதுய்யா. எனக்குத் தெரியணும்.”

கடைசிக் கல் சோம்பலாக வந்தது. ஹில்டா வாயைத் திறக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த ஐரீன் மூச்சிரைக்கக் கேட்டாள்: “வாய்ல என்னடி, பெரோகிக் கொழுக்கட்டைய அடைச்சு வச்சிருக்கியா?”

ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “தேய்ய்ய்!”

கூரைப்பனி மொத்தமும் சரிந்தது. பக்கத்துத் தடங்களில் ஆடியவர்களும் தேய்த்தார்கள். சமையற்கட்டிலிருந்து சூப் காய்ச்சுகிறவர் துடைப்பத்தோடு ஓடிவந்து எங்கள் கல்லுக்கு முன்னால் தேய்த்தார். அடுத்த ஊர்த் தபால்காரர் தன் வாசலைப் பெருக்கினார். அவரே என்னிடம் சொன்னார். இத்தனை பேர் தேய்த்தால் கல் எங்கே நிற்கும்? இலக்கைத் தாண்டி, சுவர்ப் பலகையை உடைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்துக்குப் போய்விட்டது. தோற்றோம்.

கல்லை யாரும் பார்க்கவில்லை. ஹில்டா குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தாள். ஐரீனும் குனிந்து பார்த்தாள்.

“என்னடி?”

“காஞ்சு கெடக்கு.”

எதிரணி கைகுலுக்க வந்து நின்றது. பனியில் ஒரு கல்கூட ஓடவில்லை. ஹில்டா மூச்சை நன்றாக இழுத்து மறுபடியும் கத்தினாள்.

எல்லோரும் தேய்த்தோம்.