முருங்கன் சந்தியில் ஏற வேண்டியவர்கள்

செலீனா அநுராதபுரத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரீமகாபோதி, ருவன்வெலிசாய, இசுருமுனி, திசவாவி என்று மகள் சுவேதினி கொப்பியில் எழுதிக் கொடுத்ததை, அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் தோட்டவெளியை விட்டு மடுமாதா கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர ஓரிடமும் போகாத மனுசிக்கு, ராசாக்கள் ஆண்ட பழைய தலைநகரில் என்ன அலுவல் என்று ஊர் கேட்கும். கேட்டால் சொல்லத்தான் இந்தப் பாடம்.

உண்மையான அலுவல் வேறு. மூத்தவன் டிலோஜன் அநுராதபுரத்துச் சிறையில், மறியலில் கிடக்கிறான். ஏழு மாதம். லொறியில் கிளீனராகப் போனவன், கஞ்சா மூட்டையோடு பிடிபட்டான். மூட்டைக்குள் இருந்தது என்னவென்று தெரிந்து ஏறினானோ, தெரியாமல் ஏறினானோ, அது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஊருக்கு அவன் கட்டாரில் வேலை செய்கிறான் என்று சொல்லியாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன?

மறைத்ததற்குக் காரணம் சுவேதினியின் கலியாணம். விடத்தல்தீவில் நல்ல பெடியன், சொந்தப் படகு. கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசிக்க வேண்டும், இரண்டு முடிந்துவிட்டது. "மூண்டாம் அறிவித்தல் வாசிக்குமட்டும் அண்ணாவின்ர பேரை எடுக்காதேங்கோ அம்மா" என்று சுவேதினி காலைப் பிடித்து அழுதாள். செலீனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை ஒருநாளும் போய்ப் பார்க்காமல் இருந்தாள். பாவி மனம் எப்படித்தான் தாங்கியதோ!

போன கிழமை டிலோஜன் போன் எடுத்தான். "அம்மா, வாற திங்கள் தெற்கில வேற மறியலுக்கு எங்களை மாத்தப்போயினமாம். பிறகு உங்களால வந்து பாக்கேலாது. ஒருக்கா வாங்கோ." அவ்வளவுதான். குரல் உடைந்து போன் நின்றுவிட்டது. செலீனா அன்று சோறு தின்னவில்லை.

பஸ்ஸில் போனால் முருங்கன் வரைக்கும் தெரிந்த முகங்கள். வாடகைக்கு வான் பிடித்துப் போனால், வாசலில் அது நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அதனால்தான் சுற்றுலா.

நாளைக் குறித்தவர் புருசன் சந்தியோகு. "நிலவு நாளில போவம். வலையில மீன் படாது, நானும் சும்மாதானே இருப்பன்" என்றார். பறுவத்தன்று, பௌர்ணமிக்கு, லீவு, மறியலில் பார்க்க விடமாட்டார்கள்; அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. பிழைவிட்டது அங்கேதான். கடற்கரை முழுக்க அதே நிலவுதானே! இவருடைய வலை காய்கிற நாளில் மற்றவன் வலை மட்டும் என்ன கடலிலா கிடக்கும்?

செய்தி விடத்தல்தீவுக்குப் பறந்தது. மாப்பிள்ளையின் தாய் எமில்டா அன்று பின்னேரமே போன் எடுத்தாள்.

"மச்சாள், அநுராதபுரம் போறியளாம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை! எங்கட ஆம்பிளையளும் நிலவுக்குச் சும்மாதான் இருக்கினம். ஆறு பேர் வாறம். முருங்கன் சந்தியில நிண்டு ஏறுறம்."

செலீனா அவசர அவசரமாக மறித்தாள். "வான் சின்னன் மச்சாள்..."

"பெரிய வானாப் பிடியுங்கோவன்!"

"இவருக்கு முழங்கால் ஏலாது, போவமோ தெரியாது..."

"ஐயோ, அப்ப நான் வந்து பாக்கிறன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. "பயணத்தை நிப்பாட்டுவம்" என்றார் சந்தியோகு. "நிப்பாட்டினால் நான் கடலுக்குள்ள இறங்குவன்" என்றாள் செலீனா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சந்தியோகுக்கும் அது விளங்கியது. கடைசியில், எல்லாரையும் வாவிக்கரையில் இருத்திவிட்டு, வயிற்றுக்குத்தென்று சொல்லி அவள் நழுவிப்போவதாக ஒரு திட்டம் போட்டார்கள். பார்க்க விடுகிற நேரம் ஒன்பது மணி.

வியாழன் பின்னேரம் எமில்டா சொன்னபடியே வந்து இறங்கினாள். கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டே, இடமும் நேரமும் எழுதியிருந்த அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். நெத்தலி எண்ணுகிற கண் அவளுக்கு.

"அஞ்சுக்கு வெளிக்கிட்டா எட்டுக்கு அங்க நிப்பம். ஒன்பதெண்டு வட்டம் மட்டும் போட்டிருக்கு, பதினொரு மணிக்குத்தான் முதலாவது இடமெண்டு எழுதியிருக்கு. நடுவில மூண்டு மணித்தியாலம் என்ன செய்யிறது?"

"வாவியில குளிக்கலாம்" என்றார் சந்தியோகு.

"வெள்ளை உடுப்புத் தோய்ச்சு மினுக்கி வச்சிருக்கிறன், அதோடயோ குளிக்கிறது? எட்டுக்கே தொடங்குவம். வெயிலுக்கு முதல் எல்லாத்தையும் பாத்திட்டு, மத்தியானம் திரும்பலாம். மச்சாள், நீங்கள் என்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. சனத்துக்குள்ள உங்களை நான் விடமாட்டன்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் செலீனாவின் கழுத்தை நெரித்தது. அறை வாசலில் சுவேதினி நின்று, வேண்டாம் அம்மா, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். இன்னும் ஒரு ஞாயிறு. மூன்றே நாள்.

"இந்த ஒன்பது மணிக்கு அப்பிடி என்னத்தைப் பாக்கப்போறியள்?" என்று எமில்டா சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ர பிள்ளையை" என்றாள் செலீனா.

எமில்டாவின் சிரிப்பு நின்றது. "மகன் கட்டாரில எண்டியள்?"

"பொய். அவன் அங்க மறியலில இருக்கிறான். கஞ்சா வழக்கு. ஏழு மாசமா நான் அவன்ர முகம் பாக்கேல்லை. நாளைக்கு விட்டா இனி இல்லை. நீங்கள் என்னவும் செய்யுங்கோ மச்சாள், நான் போறன்."

சுவேதினி தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள். எமில்டா மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கொப்பியை மூடி வைத்தாள், பையை எடுத்தாள், "பஸ் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றிரவு முழுக்க விடத்தல்தீவிலிருந்து போன் வரவில்லை.

விடிய ஐந்து மணிக்கு, பத்துப் பேர் இருக்கக்கூடிய பெரிய வானில் மூன்று பேர் ஏறினார்கள். சுவேதினி வரமாட்டாள் என்றுதான் செலீனா நினைத்தாள். அவளோ கண் வீங்கியபடி, முந்தநாள் மினுக்கி வைத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தாவணியுமாக வந்து பின் சீட்டில் இருந்தாள். செலீனாவின் மடியில் டிலோஜனுக்குச் சோற்றுப் பார்சல், மீன் பொரியல், கொஞ்சம் கணவாய்க் கறி.

முருங்கன் சந்தியில் சாரதி வேகத்தைக் குறைத்தான். "இஞ்சதானே ஆறு பேர்?"

நெல் மூட்டை ஏற்றுகிற ஒரு லொறியும் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேரும் தவிர அங்கே ஒருவருமில்லை. செலீனா மகளைத் திரும்பிப் பார்க்கவே பயந்தாள். ஐந்து நிமிசம் நின்றார்கள். பிறகு பத்து நிமிசம்.

விடத்தல்தீவிலிருந்து வருகிற முதல் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். சுவேதினி கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கடைசி ஆள் இறங்குமட்டும் பார்த்தாள். பஸ் போய்விட்டது.

"எடுங்கோ அண்ணை, போவம்" என்றாள் சுவேதினி. "ஒன்பதுக்கு நிக்கவேணும்."

வான் மதவாச்சி றோட்டில் ஓடத் தொடங்கியது. செலீனாவுக்கு அழக்கூட வரவில்லை. பின்னாலிருந்து சுவேதினி எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"பார்சலைத் தாங்கோ அம்மா" என்று வாங்கித் தன் மடியில் வைத்து, சூடு ஆறாமல் தன் தாவணியால் சுற்றினாள். "அண்ணாவுக்குக் கணவாய் எண்டால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."