நோகாத கை

அடுப்பில் கிண்டுகிற தொதல் பலகாரம் இறுகும் நேரத்தில் பரீனாவுக்குப் பக்கத்தில் நின்று யாரும் வாய் காட்ட முடியாது. மருதமுனையில் எந்தக் கலியாண வீட்டில் அடுப்பில் தாச்சி ஏற்றினாலும் பதம் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் "இறக்கு" என்றால் இறக்க வேண்டும், "கிண்டு" என்றால் கை கழன்று விழுந்தாலும் கிண்ட வேண்டும். இப்போது சொந்த மகள் அஸ்பியாவுக்கே கலியாணம் என்றால் கேட்கவா வேண்டும்! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வளவு முழுக்கக் கேட்கிற குரலில் விறகைத் தள்ளச் சொல்லிக்கொண்டும் இழுக்கச் சொல்லிக்கொண்டும் நின்றாள். கடைசிக் கிண்டைக் கலியாணப் பெண்ணே கிண்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். மற்றவர்கள் மறந்தாலும் பரீனா மறக்கவிட மாட்டாள். ஊரில் பாதிப் பெண்களின் கைகளுக்கு மருதோன்றிக் கோலம் போடுகிறவள் அஸ்பியா. புருவ மயிர் அளவுக்கு மெல்லிய கோடு இழுக்கிற அந்த வலக்கையால் அகப்பையைப் பிடித்து, சிரித்துக்கொண்டே கிண்ட வந்தாள்.

ஒரு குமிழ் ஊதிப் பெருத்துப் படாரென்று வெடித்தது. கொதித்த தொதல் ஒரு கட்டியாக அஸ்பியாவின் புறங்கையில் அப்பிக்கொண்டது. எண்ணெய் என்றால் வழிந்து ஓடிவிடும்; சீனிப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இறுகியது எங்கே ஓடும்? பிள்ளை கையை உதற உதற அது விட்டுக்கொடுக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பரீனா பாய்ந்து தன் விரல்களாலேயே அதை வழித்து எறிந்தாள். அந்த அவதியில் தாச்சியில் இருந்து இன்னொரு துளி தெறித்து அவள் முன்கையிலும் விழுந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளிக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டவள், எடுக்கவும் மறந்து, குந்தியிருந்தபடியே மற்றவர்களுக்குக் கட்டளை போடத் தொடங்கினாள்.

"மச்சி, புள்ளயப் பைப்படிக்குக் கூட்டிப் போங்க. தண்ணியத் தொறந்து விட்டுக் கையப் புடிக்கச் சொல்லுங்க" என்றாள் பரீனாவின் புருஷனுடைய தங்கச்சி பாஹிமா.

"உனக்கென்ன விசரா? தண்ணி பட்டாக் கொப்பளிச்சிரும். கொப்புளத்தோடயா கலியாணக் கதிரையில குந்தப் போறா?"

தன் கை தண்ணீருக்குள் கிடப்பதைப் பரீனா கணக்கில் எடுக்கவில்லை. அவள் என்ன கலியாணப் பெண்ணா! இன்னொருத்தி பற்பசையைக் கொண்டு ஓடி வந்தாள். "அது பல்லு வெளக்குறத்துக்கு" என்று அவளையும் திருப்பி அனுப்பினாள். பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மணப்பெண்ணுக்குப் பூசவென்று இலை பறித்து அரைத்து வைத்த மருதோன்றி உள்ளே சட்டி நிறைய இருந்தது. மருதோன்றியைப் போலக் குளிர்ச்சி உண்டா? உம்மாமார் உள்ளங்காலுக்கு வைத்துச் சூடு இறக்குவது அதைத்தானே? ஒரு கை நிறைய அள்ளி மகளின் புறங்கையில் தடித்துப் பூசினாள். பின்னேரம் அஸர் பாங்கு சொல்வதற்குள் அஸ்பியாவின் அழுகை அடங்கிவிட்டது.

"நோவு நிண்டிட்டும்மா. நடுவுல ஒண்டுமே தெரியல்ல."

பரீனாவைப் பிடிக்க முடியுமா அதற்குப் பிறகு! பலகாரம் சுட வந்த ஒவ்வொருத்திக்கும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். வாளிக்குள் கிடந்த தன் கைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கொப்புளம் கட்டி, சீலை பட்டாலே உயிர் போனது. மருதோன்றி வைக்காததற்கு இது நல்லா வேணும் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். கலியாண வேலைக்குக் கை வேண்டுமே என்று மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டப் புறப்பட்டாள். துணைக்கு அஸ்பியாவும் ஓட்டோவில் ஏறினாள்.

டொக்டர் சர்மினி பரீனாவின் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவந்த தோல், அதன் மேல் தண்ணீர் கோர்த்த கொப்புளம். விரல் கிட்டப் போகும்போதே பரீனா கையை இழுத்துக்கொண்டாள்.

"நோகுதா உம்மா? நல்லம். நரம்பு உயிரோட இருக்கு. இது மேலால போன சூடு, ரெண்டு கிழமையில ஆறிரும். உடன தண்ணியில பிடிச்சீங்களோ?"

"ஓம், வாளிக்குள்ள கெடந்த."

"அதுதான் உங்களக் காப்பாத்தியிருக்கு. கொப்புளத்த உடைச்சிராதீங்க."

பரீனாவுக்குச் சிரிப்பாக இருந்தது. படித்த பிள்ளை, நோகிறது நல்லது என்கிறாளே! கைவைத்தியத்தின் அருமை இதுகளுக்கு எங்கே தெரியப்போகிறது? மகளின் கையைப் பிடித்து மேசையில் வைத்தாள்.

"இதப் பாருங்க டொக்டர். என்ட கையில பட்டதவிடப் பெரிசு. மருதோண்டி வச்சன். ஒரு துளி நோவு இல்ல."

டொக்டர் அந்தக் கையைத் தன் பக்கம் திருப்பினாள். புறங்கை முழுவதும் கருஞ்சிவப்பாக மருதோன்றி ஏறிப் பிடித்திருந்தது. கொப்புளம் இல்லை, ஈரம் இல்லை. அடியில் தோல் வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா என்று பார்க்க வழியில்லாதபடி சாயம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. அவள் விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தாள், பிறகு தாதியிடம் புது ஊசி ஒன்று கேட்டாள்.

"அஸ்பியா, கண்ண மூடுங்க. ஊசி நுனியால மெல்லத் தொடுவன். படுற நேரமெல்லாம் ஓம் எண்டு சொல்லுங்க."

அஸ்பியா கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி விரல் மூட்டில் பட்டது. "ஓம்." மணிக்கட்டில் பட்டது. "ஓம்." சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் பட்டபோது துள்ளிவிட்டாள். "ஓம், ஓம், அது நோகுது!" பரீனா சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி நடுவுக்குப் போனது. அஸ்பியா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நெல்லளவு தள்ளி மறுபடியும் பட்டது. மூன்றாம் முறை டொக்டர் அழுத்தியே பார்த்தாள்; தோல் குழிவது பரீனாவின் கண்ணுக்குத் தெரிந்தது. நோகிறது நல்லம் என்று சற்று முன்பு கேட்டது இப்போதுதான் அவள் நெஞ்சுக்குள் இறங்கியது. சொல்லு புள்ள, ஓம் என்று சொல்லு என்று கத்த வாயைத் திறந்தாள். ஊரையே ஏவிய வாயில் காற்றுத்தான் வந்தது. யா அல்லாஹ், நோகட்டும், என்ட புள்ளைக்கு நோகட்டும் என்று அந்தத் தாய் மனசுக்குள் மன்றாடினாள்.

ஊசி நுனி புறங்கையின் நடுவில் குத்தி நின்றது. அஸ்பியா கண்ணைத் திறக்காமல், அடுத்த தொடுகைக்குக் காத்திருந்தபடி சிரித்தாள்.

"தொடுங்களன் டொக்டர். நான் பயப்பட மாட்டன்."