ஓரப் புள்ளிகள்

கடைசிச் சிப்பிப் புள்ளியைக் குழிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது பசை பிதுங்கி வெளியே வந்தது. துடைக்கக்கூட அலுப்பாக இருந்தது. காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிடாரின் விரல்பலகையில் புள்ளி வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பலகையின் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட் கம்பி உட்காரும் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே மூலைக்கு மூலை பென்சில் கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடம் மையம். அங்கே குத்தூசியால் ஒரு குத்து, ட்ரில்லால் ஒரு குழி, ஒரு சொட்டுப் பசை, ஒரு புள்ளி. மூன்றாவது ஃப்ரெட், ஐந்து, ஏழு, ஒன்பது, பிறகு பன்னிரண்டில் மட்டும் இரட்டை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் கை தானாகச் செய்துவிடும். அதுவே பிறகு வினையாக முடிந்தது.

பலகையின் முகத்தில் இருக்கும் புள்ளிகள் எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு. வாசிப்பவருக்கு வழி காட்டுவது பலகையின் ஓரத்தில் வைக்கும் பொடிப் புள்ளிகள். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தால் மேல் ஓரம் மட்டும்தான் கண்ணில் படும். அதில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி நறுக்கிவிடுவேன். அதையும் அன்றைக்கே முடித்துவிட்டேன். பலகையின் தலைப்பக்கம் எனக்கு இடதுபுறம், துளை போடுவது என் வயிற்றைப் பார்த்த ஓரத்தில். எப்போதும் அப்படித்தான்.

இந்தக் கிடார் என் கணவருக்காக. ஓட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் இருபது வருடம் வாசித்தவர். ஒன்பது மாதத்துக்கு முன்பு ஒரு நிகழ்ச்சி முடிந்து வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் அந்தப் பக்கம் திரும்பி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இடது கை கதவுச் சட்டத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை. களைப்பில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினேன். நடுவிரலும் மோதிர விரலும் மேல் இரண்டு கணுவோடு போயின. பட்ட காலிலே படும் என்பார்கள், எங்களுக்குப் பட்டது கையில்.

"காத்துல கதவு சாத்திக்கிச்சு டாக்டர்" என்று மருத்துவமனையில் அவர்தான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கதவு புயலடித்தாலும் அசையாது. அவர் உண்மையிலேயே அப்படி நம்பினாரா, என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், ரத்தத்தைப் பார்த்ததில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம், அப்போது அவருக்கு ஜுரம். நாள் ஆக ஆக வாய் கனத்துப்போனது. விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் காற்றைப் பற்றிச் சொல்வார், நான் காபி கொண்டுவர எழுந்து போவேன்.

கிடாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கலாம் என்று யோசனை சொன்னவள் நாத்தனார். "வலது கை முழுசா இருக்குல்ல அண்ணி. அதால தந்திய அமுக்கட்டும், இடதால மீட்டட்டும். என்ன கஷ்டம்?" என்றாள் போனில். அவளுக்கு என்ன, கடிகாரத்தைக் கை மாற்றிக் கட்டுவது மாதிரிச் சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருந்தாலும் மறுநாளே மரம் எடுத்துவைத்தேன். ஆசையால் என்று சொன்னால் பொய். சட்டைப் பொத்தான், செருப்பு வார், சோப்பு உறை, மாத்திரை அட்டை என்று எல்லாவற்றுக்கும் என்னை எதிர்பார்த்து, எதையும் வாய்விட்டுக் கேட்காமல் அந்த மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு இரக்கமே தீர்ந்துபோயிருந்தது. அவர் மடியில் எதையாவது வைத்துவிட வேண்டும் என்று இருந்தது.

பலகையைக் கழுத்தில் ஒட்டி, ஃப்ரெட் கம்பிகளைப் பதித்து, பாலிஷ் போட்டு முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. தந்தி கட்டுவதற்கு முன்னால் கழுத்தின் கனம் அவர் கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மத்தியானம் முன்னறைக்கு எடுத்துப்போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, உதவிக்குப் போனால் பிடிப்பதில்லை.

"கழுத்து மட்டும் பிடிச்சுப் பாருங்க. வாசிக்க வேணாம்."

சட்டையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். தலைப்பக்கம் வலதுபுறமாக வரும்படி மடியில் வைத்தார். வலது கை கழுத்தைச் சுற்றியது. மணிக்கட்டு தவறான கோணத்தில் நின்றது, அவரே சரிசெய்துகொண்டார். அவர் குனிந்து பலகையின் ஓரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணுக்கு நேராக இருந்த ஓரம் முழுக்க வெறும் கருங்காலி. ஒரு புள்ளி இல்லை. எல்லாப் புள்ளிகளும் கீழ் ஓரத்தில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடக்கைக் கிடாருக்காகத் தந்திகளைத் தாங்கும் பாலத்தை மாற்றினேன், உள்சட்டங்களை மாற்றினேன், ஓரத்தை மட்டும் மாற்றவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டேன். மூன்று வாரமாக முன்னாலிருந்தே பார்த்திருக்கிறேன், ஒருநாளாவது வாசிப்பவரைப் போல மடியில் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் தலை நிமிரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"இதையும் காத்துதான் பண்ணுச்சா?"

பக்கத்தில் இருந்த நாற்காலியின் கைப்பிடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இல்ல. நான்தான்" என்றேன். "அதுவும் நான்தான்."

"தெரியும். கண்ணாடியில பாத்தேன். வேன் கண்ணாடியில."

"அப்புறம் ஏன் சொல்லல? ஒன்பது மாசமா ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னா நீ அழுவே. நான் உன்னைத் தேத்தணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

நான் அதுவரை என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். பெரிய மனசு என்று சில நாள், தண்டிக்கிறார் என்று சில நாள். இரண்டும் இல்லை. அவரும் களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"கோவம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றார். "தினமும் இல்ல. பொத்தான் போடுறப்ப வரும்."

பிறகு அவர் கிடாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வெறும் பலகையாக இருந்தபோது மேஜையில் கிடத்தி ஒருத்தியே துளை போட்டுவிடலாம். முழுக் கிடாரைப் புள்ளி இல்லாத ஓரம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஆடும், பிடிக்க ஆள் வேண்டும். அவர் கிடாரின் உடம்புப் பகுதியை இடது முழங்கையால் மேஜையோடு அணைத்துக்கொண்டு, கழுத்தை வலது கையால் பிடித்தார். ஐந்து விரலும் உள்ள கை. அதன் ஆள்காட்டி விரல் மூன்றாவது ஃப்ரெட்டை ஒட்டியே இருந்தது.

"கையைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

"தள்ளினா ஆடும். நீ பாத்துப் போடு."

குத்தூசியால் குறித்தேன். ட்ரில் முனையைக் குறியில் வைத்துவிட்டு அவர் விரலைப் பார்த்தேன். அரை அங்குலம்கூட இல்லை. முனையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், அவர் காத்திருந்தார். பிறகு அழுத்தினேன். கருந்தூள் சுருண்டு வந்து அவர் நகத்தின் மேல் விழுந்தது. முனையை வெளியே எடுத்து, துளையை ஊதினேன்.

அவர் தூளைத் தட்டிவிடவில்லை. விரலைக் கழுத்தோடு நகர்த்தி, ஐந்தாவது ஃப்ரெட்டை ஒட்டி வைத்தார்.