சுகர் இல்லாத குடும்பம்

மூன்றாவது மைசூர்பாகை அப்பா நாராயணசாமி வாயில் போட்டபோது மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்றதோடு அவர் நிற்கவில்லை. "இனிப்புன்னா எனக்கு உசுரு. எங்க பரம்பரைல சுகர்னு ஒருத்தருக்கும் கெடையாதுங்க" என்று, யாரும் கேட்காமலே, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்.

கிடையாதாம். தாத்தா போனதே அதில்தான். பெரிய அத்தைக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பிகளை அம்மா முத்தம்மா காலையிலேயே டிபன் டப்பாவில் போட்டுப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டாள். போன வருஷம் விரல் எடுத்த காலை மறைக்க, ஏப்ரல் வெயிலில், மர்பி டவுனின் தகரக் கூரைக்குக் கீழே, அப்பா சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் சளியாம். "இன்னிக்கு நாலு யூனிட் சேத்துப் போட்டுக்குனேன், ஒன்னும் ஆவாது" என்று மகாவிடம் கண்ணடித்திருந்தார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மகாவுக்கு வேலை. வருகிறவர்களிடம் எல்லாம், குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா என்று கேட்டுப் படிவத்தில் குறிப்பாள். போன மாதம் தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாள். மூன்று மாதச் சராசரி சுகர், ஆறு புள்ளி ஒன்று. அப்பாவின் மூக்கோடு இதுவும் வந்திருந்தது. "இது இன்னும் சுகர் இல்ல. இப்பவே பாத்துக்கிட்டா பல வருஷம் தள்ளிப் போடலாம். கர்ப்பமானா முதல்லயே டெஸ்ட் எடுத்துடணும், மறைக்கக் கூடாது" என்றார் டாக்டர். அம்மாவோ, "தாலி ஏறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம். ஸ்வல்ப சும்மா இரு" என்று கன்னடம் கலந்து சொல்லி முடித்துவிட்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் இதனால்தான் தட்டிப்போயிருந்தது.

மாப்பிள்ளை ராகேஷ் தலை நிமிரவில்லை. அவன் அப்பா ஷங்கர், நாராயணசாமி ஒன்று எடுத்தால் தானும் ஒன்று எடுத்தார். அம்மா மறுபடி தட்டை நீட்ட, அப்பாவின் கை நாலாவதற்கு நீண்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது. இந்த ஆள் என் கல்யாணத்துக்காகச் சாவார் என்று மகாவுக்குத் தோன்றிவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்பா."

"இன்னாடி பண்ற?" அம்மா பல்லைக் கடித்தாள்.

"அப்பாவுக்கு சுகர் இருக்குங்க. கால் விரல் எடுத்தாச்சு. அத்தைக்குக் கிட்னி போயிடுச்சு. எனக்கு இன்னும் வரல, ஆனா வர்ற எடத்துலதான் நிக்கறேன். வேணான்னா இப்பவே சொல்லிடுங்க."

அப்பா சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க மகாவுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ராகேஷின் அம்மா எல்லம்மா வந்ததிலிருந்து வாயே திறக்காதவள். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கையில இருக்கறதக் கீழ வைங்க."

அவர் அசையவில்லை.

"காலைல ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டீங்களே, பாத்துக்குனுதான் இருந்தேன்." பிறகு மகாவிடம் கேட்டாள்: "அந்த மூணு மாசத்து சுகர் பாக்கற டெஸ்ட்டு, அதுக்கு வெறும் வயித்துல வரணுமாம்மா? எம்மவனுக்கும் ஒரு வாட்டி எடுத்துடணும்."

ராகேஷ் முதல் முறையாக நிமிர்ந்தான். ஷங்கர் இன்னும் கீழே வைக்கவில்லை. இறுக்கிப் பிடித்த விரல்களுக்கிடையே மைசூர்பாகு உதிர்ந்து, அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது.