கடைசியாக எழுதியது யார்

1

இந்தக் கதை செய்தித்தாளின் ஒரு மூலையில் பிறந்தது. நீண்ட காலம் திறக்கப்படாத மின்னஞ்சல் கணக்குகளை இந்த மாதக் கடைசியில் அழித்துவிடப் போவதாக ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. எனக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. எனக்கு என்பது தப்பு. எங்களுக்கு.

கல்யாணத்துக்கு முன் என் மனைவியின் அப்பா அவள் போனை வாங்கிப் பார்ப்பார். வந்தது, போனது எல்லாம். அதனால் நாங்கள் எதையும் அனுப்பவில்லை. ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், இரண்டு பேர். ஒருவர் எழுதி, அனுப்பாமல் வரைவாக வைத்துவிட்டுப் போவார். மற்றவர் வந்து படித்து, அதை அழித்துவிட்டு, அதே பெட்டியில் தன்னுடையதை எழுதி வைப்பார். படித்தால் அழிக்க வேண்டும், அழித்தால் எழுத வேண்டும். அவள் போட்ட விதி. ஆக, அங்கே எப்போதும் ஒரே ஒரு கடிதம்தான் இருக்கும்.

கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டோம். ஒரே போர்வைக்குள் இருப்பவர்களுக்குக் கடிதம் எதற்கு?

போன வருடம் ஒரு காய்ச்சலில் அவள் இறந்துபோனாள்.

கடைசியாக எழுதியது அவளா, நானா என்று எனக்கு நினைவில்லை. அவள் என்றால், நான் படிக்காத அவளுடைய கடிதம் ஒன்று எங்கோ இருக்கிறது. மாதக் கடைசி வரை.

2

கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

‘அவள் இறந்த அன்று மழை’ — பெய்யவில்லை. நல்ல வெயில். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார்.

‘கடவுச்சொல் என்பது இரண்டு பேர் சேர்ந்து’ — கட்டுரை வாடை.

‘மனைவியை இழந்த ஒருவன்’ — இழப்பதற்கு அவள் என்ன குடையா?

(இது கொஞ்சம் அதிகமாகவே நல்ல வரி. அடிக்க வேண்டும்.)

நடந்தது இவ்வளவுதான். கடவுச்சொல் மறந்துவிட்டது. மனசு மறந்தாலும் விரல் மறக்காது என்று நம்பித் தட்டினேன். விரலும் மறந்திருந்தது. கணக்கை மீட்க ஓர் எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதாகத் திரை சொன்னது. அவளுடைய எண். ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் செத்துப்போன எண். (செத்துப்போன என்பதை மாற்ற நினைத்தேன். வேறு சொல் அகப்படவில்லை.) இருந்தாலும் அழுத்தினேன். பிறகு அந்த எண்ணையே அழைத்தேன்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

3

முதல் வரைவில், எடுத்தவரை ஒரு கிழவராக்கியிருந்தேன். அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். இரண்டு பேரும் போனில் அழுகிறார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் இன்னும் ஒருமுறைகூட அழவில்லை. கதையில் மட்டும் எப்படி அழுவது?

எடுத்தது பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை செய்யும் ஒரு பெண். கம்பெனி அந்த எண்ணை அவளுக்குக் கொடுத்திருந்தது. பேச்சுக்கு நடுவே டேப்பைச் சர்ரென்று இழுத்துக் கிழிக்கும் சத்தம். விஷயத்தைச் சொல்லி, வந்திருக்கும் ஓடிபியைப் படிக்கச் சொன்னேன்.

“முன்னெல்லாம் லாட்டரி விழுந்திருக்குன்னு சொல்வீங்க. இப்ப பொண்டாட்டி செத்துட்டான்னு ஆரம்பிச்சுட்டீங்களா சார்?”

“நெஜமாவே செத்துட்டா.”

டேப் சத்தம் நின்றது.

எனக்கு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் வேலை. பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு, மெக்கானிக் போய்ச் சேரும்வரை போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ‘பயப்படாதீங்க’ என்று சொல்லக் கூடாது. சொன்னால்தான் பயம் வரும். எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்று எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள்.

“தெனம் சாயங்காலம் ஒரு அம்மா போன் பண்ணுவாங்க. அவங்க பொண்ணா?”

4

அந்த அம்மா என் மாமியார். நாலு தெரு தள்ளி இருக்கிறார். நானும் அவரும் பேசிக்கொள்வது மருந்து, மின்கட்டணம் என்ற அளவில் நின்றுபோயிருந்தது. அவர் மகளின் எண்ணை இன்னும் அழைக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

முதல் நாள் ராங் நம்பர் என்று சொன்னாளாம் பார்சல் ஆபீஸ் பெண். “தெரியும்மா, வச்சிராதே” என்றாராம் அத்தை. அவள் வைக்கவில்லை. அதிலிருந்து தினமும். சாப்பிட்டாயா, நின்றுகொண்டே வேலை செய்கிறாயே கால் வீங்கவில்லையா, கடைசி பஸ்ஸில் வராதே. அவளும் ‘சரிம்மா’ என்பாளாம்.

“ஆனா ஓடிபி மட்டும் கேக்காதீங்க அண்ணா. யார் கேட்டாலும், அழுது கேட்டாலும் சொல்லிராதேன்னு அந்தம்மாதான் சொல்லி வச்சாங்க. அவங்க பொண்ணு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததாம்.”

ஆக, எனக்கு இல்லை என்று சொன்னது என் மனைவி.

(இதை நான் ஜோடித்ததாக நீங்கள் நினைக்கலாம். அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் கிழவரையே அழ வைத்திருப்பேன்.)

அந்த அம்மா சொல்லச் சொன்னால் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

5

அத்தையிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மாமாவுக்கும் தெரியாமல் இருக்கத்தான் அந்தக் கணக்கே. அவரிடமே அதைச் சொன்னேன். எப்போது எழுதியது என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்றேன். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அப்ப நான் அவகூடப் பேசாம இருந்தேன் மாப்ள. ஒரே வீட்டுல. தட்டை வச்சிட்டுப் போயிருவேன். என்னை என்னன்னு எழுதியிருக்காளோ.”

நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

“படிச்சிட்டு அப்புறம் என் மூஞ்சியை எப்படிப் பாப்ப?”

கதை இங்கே முடிந்திருக்கலாம். அத்தை மறுக்கிறார், மாதம் முடிகிறது, பெட்டி அழிகிறது, யாருக்கும் காயமில்லை. அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். சுத்தமாக இருந்தது. அத்தை அதற்கு ஒத்துழைக்கவில்லை. போனை எடுத்தார்.

“நான்தாம்மா. கேக்குறது எங்க மாப்ளதான், திருடன் இல்ல. சொல்லிரு.” கொஞ்சம் பொறுத்து, “சாப்டியா?”

பழைய ஓடிபி காலாவதியாகியிருந்தது. புதிதாகக் கேட்டு வாங்கினேன். அவள் ஒவ்வோர் எண்ணாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

பெட்டியில் அவள் கடிதம் இருக்கிறது. அப்படியென்றால் படித்து, விதிப்படி அழிக்க வேண்டும்.

என் கடிதம் இருக்கிறது. அப்படியென்றால் அவள் அதைப் படிக்க வரவே இல்லை.

காலியாக இருக்கிறது. எங்களில் ஒருவர் படித்து, அழித்து, பதில் எழுதாமல் போய்விட்டார். மூன்றில் மோசமானது இதுதான்.

மறுநாள் அத்தை கேட்டார், என்ன இருந்தது என்று.

“ஒண்ணுமில்ல அத்தை. காலிதான்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடிந்தது. “சரி” என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமும் அந்தப் பெண்ணை அழைத்தார்.

சொன்னது பொய்யா, நிஜமா என்று உங்களிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தக் கதையை எங்கே எழுதுகிறேன் என்று சொல்லலாம். அந்தப் பெட்டிக்குள்தான். அங்கே எது இருந்ததோ, எது இல்லையோ, அதன் இடத்தில் இப்போது இது இருக்கிறது. அனுப்பவில்லை. வைத்துவிட்டுப் போகிறேன்.

இதுவரை வந்து படித்தது நீங்கள். விதி உங்களுக்குத் தெரியும்.