மேஸ்திரியின் நான்காவது படுக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. கிழிந்த ஸ்கூட்டர் சீட்டைத் தைக்கத்தான் குஷன் கடைக்குப் போனேன். கடை முழுக்க ஃபோம் குவிந்திருந்தது. நடுவில், அழகாகத் தைத்த மெத்தையில் ஒரு பழுப்பு நாய். எந்த வேலையும் செய்யாமல், எல்லார் வேலையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். மெத்தையைக் கடித்துக் குதறிவிடாதா என்று கேட்டு வைத்தேன். கடைக்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி, கதை எழுதுகிற எனக்கும் வேர்த்தது.

2

முதல் தொடக்கம்: "அவளுடைய தனிமையைத்தான் அந்த நாய் தின்றுகொண்டிருந்தது..."

[வேண்டாம். அவருக்குக் கணவர் இருக்கிறார். பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறவர். தனிமை என் கதைக்குத்தான் தேவைப்பட்டது.]

இரண்டாவது: "நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், ஆனால்..."

[இதுவும் வேண்டாம். நம் பழமொழிகள் எல்லாம் நாய்க்கு எதிர்க்கட்சி.]

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

3

அந்த அம்மா தைப்பது பஸ் சீட். தினம் நூறு பேர் உட்கார்ந்து எழுந்தாலும் பிரியாத தையல் என்று பெயர் வாங்கியவர். அப்போதெல்லாம் காலையில் கணவனும் மனைவியும் கிளம்பிவிட்டால் மேஸ்திரி வீட்டில் தனியாக இருக்கும். அதற்குத் தைத்த முதல் மெத்தை பருத்தி. ஒரே நாளில் பஞ்சாய்ப் பறந்தது. அதனாலென்ன என்று ஜீன்ஸ் துணியில் இரண்டாவது தைத்தார். அதையும் பிரித்தது. பிரித்ததோடு விடாமல் விழுங்கவும் ஆரம்பித்தது. நாய் கடித்தது மெத்தையை, வலித்தது இவருக்கு. மூன்றாவதை ரெக்சினில், இரட்டைத் தையல் போட்டு, "இப்பக் கடி பாப்போம்" என்று வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி கடித்தது.

இரண்டு நாள் வாந்தி. டாக்டர் வயிற்றைத் திறந்து கைப்பிடியளவு ரெக்சினும் ஃபோமும் எடுத்தார். குடலிலும் ஒரு துண்டை வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. இன்னொரு முறை அடைத்தால் உயிர் தாங்காது என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, நைலான் நூல் போட்டால் நிற்குமா என்பது.

"அம்மா, உங்க தையல்ல ஒரு குறையும் இல்ல. அதத் தனியா விடாதீங்க" என்றார் டாக்டர்.

4

இருபது நாள் மேஸ்திரிக்கு வெறும் தரை. முழங்கையில் புண் வந்தது.*

(*அந்தப் புண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியதால் அப்படியே விட்டுவிட்டேன்.)

கண்முன்னால் வைத்துக்கொண்டு மெத்தை போடலாம் என்று டாக்டர் இறங்கிவந்தார். நான்காவதைத் தைக்குமுன் பழைய மூன்றின் மிச்சத்தையும் தரையில் பரப்பினார் அம்மா. கணவர்தான் கவனித்தார், மூன்றுமே ஒரே மூலையில் பிரிந்திருப்பதை. கடைசி முடிச்சு விழும் மூலை. கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கினாலும் அந்த ஒரு நூலை மட்டும் இவர் பல்லால்தான் கடித்து அறுப்பார். தொழில் கற்ற நாளிலிருந்து பழக்கம். மேஸ்திரியின் மெத்தைகளை வீட்டில் வைத்துத்தான் தைத்தார்; அது எதிரே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"நாந்தாங்க அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார் என்னிடம். இப்போது சிரிக்கவில்லை.

நான்காவதைக் கத்தரிக்கோலால் முடித்தார். அன்றிலிருந்தே நாயையும் மெத்தையையும் ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுவருகிறார். ஐந்து மாதமாகிறது. ஒரு நூல் பிரியவில்லை.

5

இங்கேதான் எனக்கு அரிப்பு. மேஸ்திரியைத் திருத்தியது எது? கத்தரிக்கோலா, கடையில் அவர் கூடவே இருப்பதா? அவர் எச்சிலின் வாசனை பிடித்துத்தான் அந்த மூலையைக் கடித்ததா, அவர் இல்லாததாலா? இரண்டும் ஒரே நாளில் மாறித் தொலைத்ததால் பிரித்துச் சொல்ல வழியில்லை.

முடிவு அ: பல்லால் முடித்த மெத்தையைக் கடையில், அவர் காலடியில் வைக்கிறார். நாய் மோந்து பார்த்துவிட்டு...

முடிவு ஆ: கத்தரித்த மெத்தையோடு நாயை வீட்டில் விட்டுப் பூட்டுகிறார். மாலையில் வந்து...

[தெரியாததை எப்படி எழுதுவது?]

சீட்டை வாங்கப் போனபோது கேட்டே விட்டேன், ஒரே ஒரு நாள் வீட்டில் விட்டுப் பார்க்கலாமே என்று. மெஷின் நின்றது.

"உங்களுக்குக் காரணம் தெரியணும். எனக்கு நாய் இருக்கணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சீட்டைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தார்.

6

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் முடிவு 'ஆ'வைத்தான் எடுத்துவைத்துக்கொண்டேன். காகித நாய்தானே என்று எனக்கு நானே சமாதானம். மாலை ஆயிற்று, அவர் வந்தார், சாவியைப் பூட்டில் நுழைத்தார். அதற்குமேல் கை ஓடவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் கதவை நீங்களே திறந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளே இருக்கும் நாய்க்கு வேறு பெயர் வையுங்கள்.