ஆற்றைத் தாண்டக்கூடாத உப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கொடுக்கவும் தெரியவில்லை, வாங்கவும் தெரியவில்லை. ஒருவர் கை நீட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுப் போவதுதான் மனுஷ லட்சணம். அதை விட்டுவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எல்லாம் படிப்பு படுத்துகிற பாடு.

நாரின் என்ற மலை நகரத்தில் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதார ஆராய்ச்சி மையத்துக்கு வண்டி ஓட்டும் கோய்சுமானின் கட்சி இதுதான். அவர் படித்ததெல்லாம் டிராக்டர் ஓட்டப் போதுமான அளவுக்கு. அதற்கு மேல் படித்தவர்களைப் பார்த்தாலே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

மையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மாடியில் இரண்டே அறை, சத்தம் போடும் ஒரு குளிர்பெட்டி, ஜன்னலோரம் தக்காளி நாற்று. தலைவி புருல் டாக்டர் ஐம்பதைத் தொட்டவள். மதியம் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கணக்குப் பார்ப்பவன் கியாஸ். சிரித்தால்கூடப் பாதியில் நிறுத்தி, சரியாகத்தான் சிரித்தோமா என்று பார்த்துக்கொள்கிறவன். அவர்கள் சமையலில் கோய்சுமானுக்கு நம்பிக்கை உண்டு. ஆராய்ச்சியில்தான் இல்லை.

அந்த வசந்தத்தில் அவர்கள் கையில் எடுத்தது உப்பு. மலைக்காரர்கள் பால் டீயிலும் உப்பு போடுகிறார்கள், இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதனால் பாதி உப்பும் பாதி வேறு ஏதோவும் கலந்த புது உப்பை ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள கோக்-ஜார் ஊரில் வீட்டுக்கு வீடு இனாமாகக் கொடுப்பது. அந்தப் பக்கம் உள்ள சாரி-தால் ஊர் பழைய உப்பையே தின்னும். ஒரு வருஷம் கழித்து இரண்டு ஊரையும் அளந்து பார்த்தால் புது உப்பு வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். செய்தால் சாரி-தாலுக்கும் கொடுப்பார்கள், பிறகு மாவட்டம் முழுக்க.

"நல்ல உப்புன்னா ரெண்டு ஊருக்கும் குடுங்க. கெட்ட உப்புன்னா யாருக்கும் குடுக்காதீங்க. இதென்ன ஓரவஞ்சனை?" என்றார் கோய்சுமான்.

"நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்கத்தானே அண்ணே பார்க்கிறோம்" என்றாள் டாக்டர்.

"தெரியாததை எதுக்கு அடுத்தவன் டீயில போடுறீங்க?"

கியாஸ் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முதல் தவணை உப்பைக் கொடுத்த அன்று, டாக்டரும் கியாஸும் கடைசித் தெருவில் இருந்தபோது கோய்சுமான் தன் சம்பந்தி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் ஜிபாரைக் கட்டிக் கொடுத்திருப்பது கோக்-ஜாரில்தான். ஜிபாரின் மாமியார் சோனுன்பூபூ வாசல் வரை வழியனுப்ப வந்தபோது கையில் ஒரு மூட்டை இருந்தது.

"சம்பந்தி, பாலம் தாண்டித்தானே போறீங்க? சாரி-தால்ல என் தங்கச்சி சினார் வீட்டுல இதைக் குடுத்துடுங்க. அவளுக்குத் தலை சுத்திக்கிட்டே இருக்கு, அழுத்தமாம். இது அழுத்தத்துக்கு நல்ல உப்புன்னு உங்க டாக்டரம்மாவே சொன்னாங்க."

சம்பந்தி சொல்லி மறுப்பதா? வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்தார்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு பள்ளத்தில் குதிக்க, மூட்டை சரிந்து டாக்டரின் காலில் முட்டியது. புது உப்பின் நீலப் பொட்டலங்கள் எட்டிப் பார்த்தன.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க. இது எங்க போகுது?"

"சாரி-தாலுக்கு. சம்பந்தியம்மா தங்கச்சிக்கு."

வண்டி நின்றது. டாக்டர் முகம் வெளுத்துப்போனது. கியாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், திரும்பவும் கழற்றினான்.

"இன்னிக்கு ஒரு மூட்டை, நாளைக்குத் தெருவே அனுப்பும். ரெண்டு ஊரும் ஒரே உப்பைத் தின்னா நாங்க எதை எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது? இந்த ஒரு வேலைக்காக எத்தனை வருஷம் அலைஞ்சோம்னு உங்களுக்குத் தெரியாதா, நீங்கதானே வண்டி ஓட்டினீங்க? எல்லாம் பாழ், அண்ணே. திருப்பிக் குடுத்துடலாம்."

"திருப்பிக் குடுக்கிறதா?" கோய்சுமான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரும்பினார். "குடுத்த பொருளைச் சம்பந்தி வாசல்ல கொண்டுபோய் வெச்சா அது செருப்பால அடிச்ச மாதிரி. உங்களுக்குக் கணக்குதான் கெடும். என் பொண்ணு தினம் அந்த அடுப்படியிலதான் நிக்கணும். கொண்டு போறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

டாக்டர் மூட்டையைத் திரும்பச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"சரி, நீங்க திருப்பிக் குடுக்க வேண்டாம். நான் வந்து பேசுறேன்" என்றாள் டாக்டர்.

வண்டி திரும்பியது. வழியெல்லாம் கோய்சுமான் தனக்குள் பொருமிக்கொண்டே வந்தார்.

சோனுன்பூபூ இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். டாக்டர் விஷயத்தைச் சொன்னாள். மழுப்பவில்லை, பெரிய வார்த்தை எதுவும் போடவில்லை. இந்த உப்பு ஆற்றைத் தாண்டினால் தன் வேலை வீண் என்றாள்.

"அப்ப என் தங்கச்சி தலை சுத்தியே சாகணுமா? உன் கணக்கு நல்லாயிருக்கணும்னு?" என்றாள் சோனுன்பூபூ.

கோய்சுமானுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அப்படிக் கேள், சம்பந்தி!

"கேக்கிறது நியாயம்தான்" என்றாள் டாக்டர். "உப்பு மருந்தில்லை, சோனுன்பூபூ அக்கா. தலை சுத்துறவளுக்கு மாத்திரை வேணும். அவளை இதுவரைக்கும் யாராவது பார்த்தாங்களா?"

"எங்க பார்க்கிறது? மாடு கறக்கணும், ஆஸ்பத்திரி தூரம்பா."

"நான் பார்க்கிறேன். இப்பவே போறேன்."

சோனுன்பூபூ அவளை மேலும் கீழும் பார்த்தாள். குதிரை வாங்கும்போது பார்க்கிற பார்வை.

"அப்ப உப்புக்குப் பதிலா உன்னை அனுப்புறேன். ஆனா ஒண்ணு. என் தங்கச்சி மட்டுமில்ல. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அக்கரையில உறவு. எங்க கையைக் கட்டினா நீ மாசாமாசம் அங்க போய்ப் பார்க்கணும். சம்மதம்னா ஒரு சிட்டிகை உப்பு பாலம் தாண்டாம நான் பார்த்துக்கிறேன். இந்தத் தெருவுல என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது."

டாக்டர் கியாஸைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்து யோசித்தான்.

"நீங்க ரெண்டு ஊருக்கும் ஒரே மாதிரி போனா கணக்கு கெடாது" என்றான்.

"அப்ப சம்மதம்."

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மூட்டை வண்டியில் கிடந்தது. கை விட்டுப் போனதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்று சோனுன்பூபூ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோய்சுமானுக்கு வேர்த்தது. அப்போதுதான் மாவுக் கையோடு ஜிபார் வெளியே வந்தாள்.

"அப்பா, எப்ப வந்தாலும் வெறுங்கையோடதான் வர்றீங்க. இன்னிக்காவது எனக்கு ஏதாவது கொண்டாந்தீங்களா?"

கோய்சுமான் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்தது. மூட்டையை எடுத்து மகள் கையில் வைத்தார். "உப்பு கொண்டாந்தேன், கண்ணு."

"பொண்ணுக்கு உப்பு கொண்டாந்த மகராசன்!" என்று சோனுன்பூபூ விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்போடு உள்ளே போய் ஒரு பை நிறையக் குருத் கொண்டுவந்து டாக்டர் கையில் திணித்தாள். புளித்த தயிரை உப்பு போட்டு உருட்டிக் காயவைத்த உருண்டைகள். ஒன்றை வாயில் போட்டால் நாக்கு சுருங்கிவிடும்.

"தங்கச்சி வீட்டுக்கு என் பேரைச் சொல்லிட்டு வெறுங்கையோட போவியா?"

"அழுத்தக்காரிக்கு இவ்வளவு உப்பா!" என்று டாக்டர் தலையில் கை வைத்தாள். "கியாஸ், நீ ஏதாவது சொல்லேன்."

"அவங்க எப்பவும் சாப்பிடுறதுதானே டாக்டர்" என்றான் கியாஸ். "ஆராய்ச்சிப்படி ஆட்சேபணை இல்லை." இந்தத் தடவை முழுசாகச் சிரித்தான்.

சாரி-தாலில் சினார் விரிப்பை விரித்து ரொட்டி, பாலாடை எல்லாம் பரப்பினாள். டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். நிறையத்தான் இருந்தது. ஊர் நர்ஸை வரவழைத்து, என்ன மாத்திரை, எப்போது என்று இரண்டு பேருக்கும் புரியும்வரை சொன்னாள்.

"எல்லாருக்கும் அக்கா அனுப்பினா ஜாம் வரும், துணி வரும். எனக்கு டாக்டரையே அனுப்பியிருக்கா" என்று சினார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். பெருமை தாங்கவில்லை. குருத்தைத் தானே எடுத்து உயரத்தில், விருந்தாளிகளுக்கென்று வைத்தாள்.

கோய்சுமான் மூன்று கிண்ணம் டீ குடித்தார். உப்பு கரிக்கும் அசல் டீ. நெஞ்சு நிறைந்தது.

வெளியே வந்தபோது வெயில் மலைமேல் ஏறிவிட்டிருந்தது. டாக்டர் பாலத்தைப் பார்த்தபடி வண்டியில் சாய்ந்து நின்றாள். பாரம் இறங்கிய முகம்.

"பார்த்தீங்களா அண்ணே, உப்பு தாண்டலை. ரெண்டு ஊரும் தனித்தனியாவே இருக்கு. இனி கணக்கு நிக்கும்."

பாலத்தின் மேல் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு கிழவிகள் கல்யாணப் பேச்சுப் பேசிக்கொண்டு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாருடையதென்று தெரியாத ஒரு பசு.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த ஊரு ரெண்டு. இது தனியாம், அது தனியாம்" என்றார் கோய்சுமான். "நல்லா நிக்கும் போங்க, உங்க கணக்கு."

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வாளியை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடியே ஆற்றை நோக்கி இறங்கிப் போனார்.